முன்னர்ச் செய்யக் கடவார் யார்?

வாக்கு ஒன்று தனித்து நிற்குமாயின், அதனைக் காப்பதும் கைவிடுவதும் சொன்னவன் ஒருவனது ஒழுக்கத்தைப் பற்றியன. இரண்டு வாக்குகள் ஒன்றனை ஒன்று நோக்கி நிற்குமாயின், அங்கே புதியதொரு வினா பிறக்கின்றது. பணத்தைத் தந்தால் பொருளைத் தருவேன் என்கின்றான் விற்பவன். பொருளைத் தந்தால் பணத்தைத் தருவேன் என்கின்றான் வாங்குபவன். இருவர் கூற்றும் நியாயமுடையனவே. ஆயினும், இருவரும் தத்தம் கூற்றிலேயே ஊன்றி நிற்பாராயின், பொழுது சாயுமளவும் நின்றாலும் வாணிகம் நடவாது. முன்னர்க் கை நீட்டுவார் ஒருவர் வேண்டும். மற்றவர் தம் கையை மடக்கிக்கொள்வாராயின், முன்னர் நீட்டியவரே இழப்பை ஏற்பவராவர். ஆதலின், முன்னர்ச் செய்யக் கடவார் யார் என்னும் வினா, பார்வைக்குச் சிறியதாயினும், யார் யாரை எவ்வளவு நம்ப வேண்டும் என்னும் பெரியதொரு வினாவைத் தன்னகத்துக் கொண்டுள்ளது.

இவ்வினாவிற்கு நியாயஸ்தலங்கள் விடை கண்ட வரலாற்றையும், நம் நாட்டுச் சட்டம் அதனை வகுத்துரைக்கும் முறையையும் ஈண்டு ஆராயப் புகுகின்றாம். தமிழ் பயிலும் மாணவரேமாகிய யாம் சட்டத்துறையிற் புகுவது எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். ஒப்பந்தம் என்பது சொற்களால் ஆயது. சொற்கள் நின்ற முறைக்கும் அவை குறிக்கும் பொருளின் முறைக்கும் உள்ள உறவைக் காண்பது இலக்கணத்தின் தொழில். ஆகவே, இரு துறைகளும் எல்லை தொட்டு நிற்கும் ஓரிடத்தையே யாம் தெரிந்துகொண்டாம் என்க.

பரஸ்பர வாக்குறுதிகள்

1872-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது இந்திய ஒப்பந்தச் சட்டம். இன்றும் நம் நாட்டில் ஒப்பந்தங்களுக்கு அடிப்படையாய் நிற்பது அதுவே. ஒருவர் தரும் வாக்குறுதிக்கு மற்றொருவர் தரும் வாக்குறுதி கைம்மாறாகவேனும் கைம்மாற்றின் ஒரு கூறாகவேனும் அமையுமாயின், அவ்விரண்டும் பரஸ்பர வாக்குறுதிகள் எனப்படும் என்று அதன் 2-ஆம் பிரிவு இலக்கணம் வகுக்கின்றது.

கொத்தனார் ஒருவர் வீடு கட்டித் தருவதாகவும், மனைக்குரியவர் அதற்கு ஒரு தொகை தருவதாகவும் பேசி முடிக்கின்றனர் என்று கொள்வோம். வீடு இன்னும் எழவில்லை, தொகையும் கைமாறவில்லை. ஆயினும் ஒப்பந்தம் பிறந்துவிட்டது. ஒருவர் சொல்லுக்கு மற்றவர் சொல்லே விலை. இனி இச்சொற்கள் இரண்டும் செயலாக வேண்டும். அப்பொழுதே முன் பின் என்னும் வினா எழுகின்றது.

மாடும் ஐம்பது ஷில்லிங்கும்

இங்கிலாந்தின் பழைய நியாயஸ்தலங்கள் இவ்வினாவிற்கு மிகவும் எளியதொரு விடையைக் கூறின. 1615-ஆம் ஆண்டில் தீர்ப்பான நிக்கல்ஸ்–ரெயின்பிரட் வழக்கு அதற்குச் சான்று. மாடு ஒன்றைத் தருவதாக வாதி வாக்களித்தான். 50 ஷில்லிங் தருவதாகப் பிரதிவாதி வாக்களித்தான். பணம் வரவில்லை என்று வாதி வழக்குத் தொடுத்தான். தான் மாட்டைக் கொடுத்துவிட்டதாக அவன் தன் முறையீட்டிற் கூறினானல்லன். ஆயினும், வாக்கிற்கு வாக்கே கைம்மாறு ஆதலின் அவன் அங்ஙனம் கூற வேண்டுவதில்லை என்று வாதியின் பக்கமே தீர்ப்பாயிற்று.

இத்தீர்ப்பின் விளைவை ஆராய்வோம். வாங்குபவன் மாட்டைக் காணாமலே பணத்தைச் செலுத்த வேண்டும். மாடு வாராதொழியின் அதன்பொருட்டு வேறொரு வழக்கைத் தானே தொடுக்க வேண்டும். விற்பவன் இடையில் வறியனாய்விடின், வாங்குபவன் கையில் எஞ்சுவது தீர்ப்பு எழுதிய தாள் ஒன்றேயாம். நல்லதொரு நம்பிக்கைக்கு உடன்பட்டானோ இல்லையோ, அவன் நம்பியே தீரவேண்டியவனாயினான்.

அந்நாளைய நியாயாதிபதிகள் ஒப்பந்தத்தைப் படித்த முறையை நம் இலக்கண வாய்பாட்டால் எளிதில் விளக்கலாம். நான் மாடு தருவதும் நீ பணம் தருவதும் என்று எண்ணும்மை கொடுத்து இரண்டையும் அடுக்கியதாகவே அவர்கள் கொண்டனர். எண்ணப்பட்ட பொருள்கள் ஒன்றோடொன்று அருகில் நிற்கும். ஒன்றை ஒன்று சார்ந்து நில்லா. ஆனால் மாடு வாங்கச் சந்தைக்குச் சென்ற மனிதன் உள்ளத்தில் இருந்தது எண்ணும்மையன்று. மாட்டைப் பெற்றுப் பணம் கொடுப்பேன் என்னும் தொடரே அன்றோ?

பட்டு வணிகரின் வழக்கு

ஒன்றரை நூற்றாண்டிற்கு மேல் கழிந்த பின்னர், 1773-ஆம் ஆண்டில், கிங்ஸ்டன்–பிரஸ்டன் வழக்கு மான்ஸ்பீல்டு பிரபு முன் வந்தது. பிரதிவாதி பட்டு வணிகர். வாதி அவரிடம் ஓராண்டும் மூன்று மாதமும், ஆண்டிற்கு 200 பவுன் ஊதியத்தில், பணி செய்வது என்றும், அக்காலம் முடிந்ததும் வணிகர் தம் தொழிலையும் சரக்கையும் மதிப்பிட்ட விலைக்கு வாதியிடமும் தம் மருமகனிடமோ தாம் குறிக்கும் வேறொருவரிடமோ ஒப்படைப்பது என்றும் இருவரும் உடன்பட்டனர். விலை முழுவதையும் உடனே தர வாதியால் இயலாது. ஆகவே சரக்கின் மதிப்பு 4,000 பவுனாகக் குறையுமளவும் மாதந்தோறும் 250 பவுன் செலுத்துவதாகவும், அதற்குப் போதிய ஈடு காட்டுவதாகவும் அவர் வாக்களித்திருந்தார்.

பணிக்காலம் முடிந்தது. ஈடு காட்டப்படவில்லை. ஆயினும் தொழிலை ஒப்படைக்குமாறு வாதி வழக்காடினார். பழைய நெறியே அவருக்குத் துணை. என் வாக்கு வேறு, உம் வாக்கு வேறு. நான் ஈடு காட்டாமைக்கு நீர் தனியே வழக்கிடலாம். உம் வாக்கை நீர் முதலில் நிறைவேற்றும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

மான்ஸ்பீல்டு பிரபு இவ்வாதத்தை ஏற்றிலர். பரஸ்பர வாக்குறுதிகளை அவர் மூவகையாகப் பகுத்தார். ஒருவர் தவறினும் மற்றவர் செய்தே தீரவேண்டிய தனித்து நிற்பன முதல்வகை. ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்று தொடங்கும் சார்ந்து நிற்பன இரண்டாம் வகை. இருவரும் ஒருங்கே செய்யக் கடவனவாகிய உடன் நிகழ்வன மூன்றாம் வகை. ஓர் ஒப்பந்தம் இம்மூன்றனுள் எவ்வகையினது என்பதை எழுத்தில் எது முன் நிற்கின்றது என்று நோக்கி முடிவு செய்தலாகாது. உடன்பட்டோரின் கருத்து எந்த முறையை வேண்டுகின்றது என்று நோக்கியே முடிவு செய்தல் வேண்டும் என்பது அவர் நிறுவிய நெறி. அவ்வழக்கில், வாதி ஒருவரின் சொல்லை மட்டும் நம்பித் தம் வாழ்நாட் பொருளை வணிகர் கைவிட நேராமைக்கென்றே ஈடு கேட்கப்பட்டது. ஈடின்றிச் சரக்கை ஒப்படைக்கச் செய்வது அவ்வொப்பந்தத்தின் உயிரையே போக்குவதாகும். எனவே ஈடு முன்; சரக்குப் பின் எனத் தீர்ப்பாயிற்று.

தமிழ் பயில்வார்க்கு இந்நெறி புதியதன்று. செய்யுளில் சொற்கள் கிடந்த முறையிலேயே பொருள் ஓடுமாயின், அதனை யாற்றுநீர்ப் பொருள்கோள் என்கின்றோம். அங்ஙனமன்றி, சொற்கள் எங்கெங்கோ கிடப்ப, பொருளுக்கு ஏற்ற இடத்தில் அவற்றைக் கொண்டு கூட்டி உரைப்பதைக் கொண்டுகூட்டு என்கின்றோம். இவை நன்னூலார் கூறும் எண்வகைப் பொருள்கோள்களுள் இரண்டு. செய்யுளின் அடிவைப்பு வேறு, பொருளின் அடிவைப்பு வேறு என்று உணர்ந்தவன் உரையாசிரியன். பத்திரத்தின் வரிசை வேறு, செயலின் வரிசை வேறு என்று உணர்ந்தவர் மான்ஸ்பீல்டு. ஒப்பந்தத்திற்கு அவர் கண்டது கொண்டுகூட்டுப் பொருள்கோளே என்று கூறினும் பொருந்தும்.

இந்தியச் சட்டம் வகுத்த நெறி

இவ்வழி வந்த கருத்துக்களை இந்திய ஒப்பந்தச் சட்டம் 51 முதல் 54 வரையுள்ள பிரிவுகளில் சுருங்க வகுத்துள்ளது.

51-ஆம் பிரிவு உடன் நிகழ்வனவற்றைப் பற்றியது. சரக்கைக் கொடுக்கும்பொழுதே விலையும் தரப்படும் என்று இருவர் உடன்பட்டால், வாங்குபவன் விலை தர ஆயத்தமாகவும் மனமுடையவனாகவும் இருந்தாலன்றி விற்பவன் சரக்கைத் தர வேண்டுவதில்லை. அவ்வாறே, விற்பவன் சரக்கைத் தர ஆயத்தமாகவும் மனமுடையவனாகவும் இருந்தாலன்றி வாங்குபவன் விலையைத் தர வேண்டுவதில்லை. வேறு பேச்சு இல்லாதவிடத்துச் சரக்கு விற்பனை எல்லாம் இத்தகையதே என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் கூறுகின்றது. கடைத்தெருவில் ஒரு கை நாணயத்தை நீட்ட மறுகை பண்டத்தை நீட்டுவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அங்கே யாரும் யாரையும் நம்ப வேண்டுவதில்லை.

52-ஆம் பிரிவே நம் ஆராய்ச்சிக்கு நடுநாயகமாவது. முறை வெளிப்படையாகக் கூறப்பட்டிருப்பின் அம்முறையிலேயே செய்தல் வேண்டும். கூறப்படாதவிடத்து, அக்காரியத்தின் இயல்பு எம்முறையை வேண்டுகின்றதோ அம்முறையிற் செய்தல் வேண்டும். முற்பகுதி யாற்றுநீர், பிற்பகுதி கொண்டுகூட்டு. இப்பிரிவிற்குச் சட்டமே இரண்டு உதாரணங்கள் தருகின்றது. குறித்த விலைக்கு வீடு கட்டித் தருவதாக ஒருவன் உடன்பட்டால், கட்டுதல் முன், விலை தருதல் பின். தன் வாணிகச் சரக்கைக் குறித்த விலைக்கு ஒருவன் ஒப்படைப்பதாகவும், பெறுபவன் விலைக்கு ஈடு காட்டுவதாகவும் உடன்பட்டால், ஈடு காட்டுதல் முன், ஒப்படைத்தல் பின். பின்னைய உதாரணத்தில் பட்டு வணிகரின் வழக்கே பெயர் நீங்கி நிற்பதைப் படிப்போர் எளிதில் உணர்வர்.

53-ஆம் பிரிவு தடுப்பவனைப் பற்றியது. ஒருவன் தன் வாக்கைக் காக்க முற்படுங்கால் மற்றவன் குறுக்கே நின்று தடுப்பானாயின், தடுக்கப்பட்டவன் விரும்பினால் ஒப்பந்தத்தைத் தள்ளிவிடலாம். நேர்ந்த இழப்பிற்கு நஷ்டஈடும் பெறலாம்.

54-ஆம் பிரிவு முன்னர்ச் செய்ய வேண்டியவன் தவறினால் நேர்வதைக் கூறுகின்றது. ஒருவன் வாக்கு நிறைவேறினாலன்றி மற்றவன் வாக்கு நிறைவேற இயலாது, அல்லது அதனைக் கேட்டல் கூடாது என்னும் நிலையில், முன்னவன் தவறினால் பின்னவனை அவன் கேட்க உரிமையில்லை. இழப்பிற்கும் அவனே ஈடு செய்ய வேண்டும். கல்கத்தாவிலிருந்து மொரீசியசுக்குச் சரக்கேற்றிச் செல்ல ஒருவன் கப்பலை வாடகைக்குப் பேசுகின்றான். சரக்கைத் தருவதும் அவன் பொறுப்பு. சரக்கே தராதவன் கப்பல் ஏன் செல்லவில்லை என்று கேட்டல் எங்ஙனம்? சாரமும் மரமும் நான் தருவேன் என்று கூறிய வீட்டுக்காரன் அவற்றைத் தராது, சுவர் ஏன் எழவில்லை என்று கேட்டல் எங்ஙனம்? இவ்விரண்டும் சட்டத்தில் உள்ள உதாரணங்களே.

ஆயத்தம் என்னும் சொல்

ஒருங்கே செய்ய வேண்டியவிடத்து, நான் ஆயத்தமாய் இருந்தேன் என்று கூறுபவன் எதனை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் ஐயம் பலகால் எழுந்துள்ளது. ஆயத்தம் என்பது ஆற்றலையும், மனமுடைமை என்பது எண்ணத்தையும் குறிக்கும். ஆற்றலிருந்தும் மனமில்லாதவனும், மனமிருந்தும் ஆற்றலில்லாதவனும் இவ்விலக்கணத்தில் அடங்கார்.

1969-ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று இதனை நன்கு விளக்கும். பஞ்சு அரைக்கும் ஆலை ஒன்றையும் அது நின்ற நிலத்தையும் ஒருவர் 43,011 ரூபாய்க்கு விற்க 1951-ஆம் ஆண்டில் உடன்பட்டார். வாங்குபவர் பாதிக்கு மேற்பட்ட தொகையைக் கொடுத்து ஆலையையும் கைக்கொண்டார். மீதி 21,000 ரூபாயை அவ்வாண்டு மே மாதம் 7-ஆம் தேதிக்குள் தரவேண்டும் என்பது பேச்சு. அத்தேதி கடந்தது, பணம் வரவில்லை என்று விற்பவர் ஒப்பந்தத்தைத் தள்ளினார். மேற்போக்காக நோக்குவார்க்கு வாங்குபவரே தவறியவராகத் தோன்றுவார்.

ஆனால், நிலம் அரசாங்கக் கணக்கில் விற்பவரின் சகோதரர் பெயரில் நின்றது. அப்பெயரை நீக்கித் தம் பெயரை ஏற்றுவதாக விற்பவர் வாக்களித்திருந்தார். அன்றியும், அவ்விற்பனைக்கு அரசாங்கத்தின் இசைவும் வேண்டும்; அதனைப் பெறுதலும் விற்பவர் கடமையென்பது பேச்சிற் கூறப்படாது தொக்கு நின்றது. இரண்டும் செய்யப்படவில்லை. ஆதலின், விற்பவர் தம் பங்கை முடிக்குமுன் மீதிப் பணத்தைக் கேட்க உரிமையுடையரல்லர் என்று நீதிமன்றம் கூறியது. வாங்குபவர் ஆயத்தமாய் இருந்தமையைக் காட்டப் பணமுடிப்பைக் கொணர்ந்து வைக்க வேண்டுவதில்லை; உரிய காலத்தில் பணம் கிடைக்கும் வழி அவருக்கு இருந்தமை போதும் என்பதும் அத்தீர்ப்பால் விளங்கும். பத்திரத்தில் தேதி குறித்து நின்றது பணம். ஆயினும் செயலின் முறையில் முன் நின்றது இசைவு. இதுவும் கொண்டுகூட்டே.

ஈண்டு நம் நாட்டுப் பத்திர நடையைப் பற்றி ஒன்று கூறுதல் தகும். மீதித் தொகையைச் செலுத்திக் கிரயப் பத்திரம் எழுதிப் பெற்றுக்கொள்வது என்பது பத்திரங்களில் வழங்கும் நடை. செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் பெரும்பான்மையும் முன்நிகழ்ந்த செயலைக் காட்டும். உண்டு வந்தான் என்புழி உண்டல் முன், வருதல் பின். ஆனால் சிரித்துப் பேசினான் என்புழிச் சிரிப்பும் பேச்சும் ஒருங்கே நிகழ்கின்றன. அவ்வாறே, செலுத்தி எழுதிப் பெறுதல் என்பதில், செலுத்துதல் சிலநாள் முன் நிகழ வேண்டுமோ, பத்திரம் பதிவாகும் அந்நேரத்திலேயே கை மாறினாற் போதுமோ என்பது அவ்வெச்சம் ஒன்றால் மட்டும் விளங்காது. காரியத்தின் இயல்பை நோக்கியே துணிதல் வேண்டும். சொல்லிலக்கணம் வாயில்வரை கொண்டுவிடும். உள்ளே செல்வதற்குப் பொருளுணர்ச்சி வேண்டும்.

தனித்து நிற்பனவும் உள

இங்ஙனம் கூறுவதால் எல்லா வாக்குறுதிகளும் ஒன்றை ஒன்று சார்ந்தனவே என்று கருதிவிடலாகாது. மற்றவர் சிறிது தவறினார் என்பதைக் காட்டித் தம் கடமை முழுவதையும் உதறுவார் பலர். வீட்டைப் பழுது பார்ப்பேன் என்னும் உடையவன் வாக்கையும், வாடகை தருவேன் என்னும் குடியிருப்போன் வாக்கையும் தனித்து நிற்பனவாகவே இங்கிலாந்தின் பழைய வழக்கு கொண்டது. கூரை ஒழுகுகின்றது என்பதால் வாடகை நின்றுவிடாது. நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இடைவழியொன்றைக் காட்டியது. உடையவன் தான் செய்யக் கடவதாகிய பழுதுபார்க்கும் பணியை, அறிவித்த பின்னரும் தக்க காலத்திற்குள் செய்யானாயின், குடியிருப்போன் தானே அதனைச் செய்து, செலவை வட்டியுடன் வாடகையிற் கழித்துக்கொள்ளலாம் என்பதே அது. வாடகை முழுவதையும் நிறுத்தாமலும், ஒழுகும் கூரையின் கீழ் வாளா இராமலும் இருத்தற்கு இது தக்க வழி.

முன்னர்ச் செய்வானின் இடர்

இதுகாறும் கூறியவற்றால் முறை என்பது இடரைப் பங்கிடும் கருவி என்பது புலனாகும். இனி, அவ்விடர் பெரும்பாலும் யார் தலையில் விழுகின்றது என்று நோக்குவோம். வணிகன் ஈடு கேட்கலாம், முன்பணம் கேட்கலாம், கொடாதவனுக்குச் சரக்கை மறுக்கலாம். உழைப்பையே பொருளாக உடையவன் யாது செய்வான்? வேலை முன், கூலி பின் என்பதே உலகெங்கும் பழகிய முறை. செய்த வேலையைச் சரக்கைப்போல் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இயலாது.

ஆதியாகமத்தில் வரும் யாக்கோபின் வரலாற்றை இம்முறையில் நோக்கினால் ஒரு நுட்பம் தோன்றும். ராகேலைப் பெறுதற்காக அவன் லாபானிடம் ஏழாண்டு உழைத்தான். உழைப்பு முழுவதும் முன், கைம்மாறு பின். ஏழாண்டு கடந்ததும் லாபான் லேயாளைக் கொடுத்து ஏமாற்றினான். சென்ற ஏழாண்டை மீட்டல் ஆகுமோ? மற்றும் ஏழாண்டு உழைக்க யாக்கோபு உடன்பட்டபொழுது முறை மாறிவிட்டது. லேயாளுக்குரிய அவ்வாரம் கழிந்ததும் ராகேல் கொடுக்கப்பட்டாள். ஏழாண்டு உழைப்பு அதன் பின்னரே நிகழ்ந்தது. முதலில் நம்பியவன் யாக்கோபு. இரண்டாவது முறை நம்ப வேண்டியவன் லாபான். முறை மாறியதே பேரத்தின் உயிர்நாடியாயிற்று.

1795-ஆம் ஆண்டில் தீர்ப்பான கட்டர்–பவல் வழக்கு இதனினும் இரங்கத்தக்கது. ஜமெய்க்காவிலிருந்து லிவர்ப்பூலுக்குச் செல்லும் கப்பலில் இரண்டாம் துணைத்தலைவராகப் பணிபுரியக் கட்டர் என்பார் உடன்பட்டார். லிவர்ப்பூல் சேருமளவும் தம் கடமையைச் செய்வாராயின், கப்பல் சேர்ந்த பத்தாம் நாள் அவருக்கு 30 கினி கொடுக்கப்படும் என்பது எழுத்து. 1793-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் தேதி கப்பல் புறப்பட்டது. செப்டம்பர் 20-ஆம் தேதி அவர் நடுக்கடலில் இறந்தார். அக்டோபர் 9-ஆம் தேதி கப்பல் துறைமுகம் சேர்ந்தது. 49 நாள் உழைத்து, 19 நாள் குறைந்தமையால், அவர் மனைவி கேட்ட கூலிக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. முழுப் பயணமும் முடிந்தாலன்றிக் கூலி எழாது. செய்வாராயின் என்பதே நிபந்தனை என்று நீதிமன்றம் கொண்டது. அந்நாளில் அத்தகைய பணிக்கு வழக்கமான ஊதியம் மாதம் 4 பவுன். இவருக்குப் பேசியதோ மிகப் பெரிய தொகை. ஆதலின், முழுவதும் அல்லது ஒன்றுமில்லை என்னும் இடரை அவரே ஏற்றதாக நீதிபதிகள் கருதினர். அவர்கள் காட்டிய காரணம் தருக்கத்திற்குப் பொருந்தும். ஆயினும், 49 நாளின் பயனைக் கப்பல் பெற்றது என்பதும், அதன் கைம்மாற்றைக் குடும்பம் பெறவில்லை என்பதும் நெஞ்சை விட்டு அகல்வனவல்ல. ஒப்பந்தம் நிறைவேற இயலாது முறிந்தவிடத்து, ஒருவர் பெற்ற பயனுக்கு நியாயமான தொகையை நீதிமன்றம் கொடுப்பிக்கலாம் என்று இங்கிலாந்திலேயே 1943-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வகுக்க வேண்டியதாயிற்று.

நம் ஒப்பந்தச் சட்டம் 65-ஆம் பிரிவில் இவ்விடரை ஒருவாறு தணிக்கின்றது. ஒப்பந்தம் செல்லாததாகுமிடத்து, அதனால் பயன் பெற்றவர் அப்பயனைத் திருப்பித் தரவேண்டும் அல்லது ஈடு செய்யவேண்டும். பாடகி ஒருத்தி நாடகசாலையில் இரண்டு மாதம் வாரத்திற்கு இரண்டு இரவு பாடவும், இரவு ஒன்றிற்கு 100 ரூபாய் பெறவும் உடன்பட்டாள் என்பது அங்குள்ள உதாரணங்களுள் ஒன்று. ஆறாம் இரவு அவள் வேண்டுமென்றே வாராதொழிந்தாள்; சாலைக்குரியவர் ஒப்பந்தத்தைத் தள்ளினார். ஆயினும், பாடிய ஐந்து இரவுகளுக்கும் அவர் பணம் தந்தே தீரவேண்டும். வேண்டுமென்றே தவறிய பாடகிக்குக் கிடைப்பது, கடமை செய்தே இறந்தவர் குடும்பத்திற்குக் கிடைக்கவில்லை. இவ்வேறுபாட்டிற்குப் பெருங்காரணம் ஒன்று உண்டு: பாடகியின் கூலி இரவுதோறும் பகுக்கப்பட்டிருந்தது, கடலிற் சென்றவரின் கூலி முழுத்தொகையாக முடிவில் நின்றது.

இதிலிருந்தே நாம் கற்கத்தக்க பாடம் பிறக்கின்றது. முன்னர்ச் செய்வானின் இடரைக் குறைக்கும் வழி, நீண்ட வாக்கைச் சிறு சிறு வாக்குகளாகப் பகுத்தலாம். வீடு கட்டுவோர் அடித்தளம் எழுந்ததும் ஒரு பகுதி, சுவர் எழுந்ததும் ஒரு பகுதி, கூரை முடிந்ததும் ஒரு பகுதி எனப் பணம் பெறுவதன் கருத்து இதுவே. கொத்தனார் அடித்தளத்தின் அளவிற்கே வீட்டுக்காரரை நம்புகின்றார். வீட்டுக்காரரும் அடுத்த பகுதியின் அளவிற்கே கொத்தனாரை நம்புகின்றார். அச்சாரமும் ஈடும் பிணையும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. தாமே இங்ஙனம் பேசிப் பெற இயலாத ஏழைத் தொழிலாளர்க்காகச் சட்டம் தானே முன்வருதல் வேண்டும். கூலிக்காரனின் கூலியை அன்றே பொழுது சாயுமுன் கொடுத்துவிடுக என்பது மோசேயின் சட்டத்திலேயே உள்ளது. நம் நாட்டில் 1936-ஆம் ஆண்டின் கூலி வழங்கற் சட்டம், கூலிக்காலம் ஒரு மாதத்திற்கு மேற்படலாகாது என்றும், அது முடிந்தபின் ஆயிரம் பேருக்குக் குறைந்த தொழிலகங்களில் ஏழு நாளுக்குள்ளும், ஏனையவற்றில் பத்து நாளுக்குள்ளும் கூலி கொடுக்கப்பட வேண்டும் என்றும் கெடு விதித்தது. உழைப்பு முன் என்னும் முறையை அது மாற்றவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைத்தது.

முடிவுரை

ஒருவரை ஒருவர் நம்புமாறு செய்தல் எச்சட்டத்தாலும் ஆகாது. தாம் உடன்பட்ட அளவிற்கு மேல் நம்புமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்தாமல் இருத்தலே சட்டத்தால் ஆவது. 1615-ஆம் ஆண்டின் தீர்ப்பு மாடு வாங்குவோனை அவன் உடன்படாத நம்பிக்கைக்கு உட்படுத்தியது. 1773-ஆம் ஆண்டின் தீர்ப்பு பட்டு வணிகரை அதிலிருந்து காத்தது. நம் 52-ஆம் பிரிவு அக்காவலை யாவர்க்கும் பொதுவாக்கியது.

ஆகவே, ஒப்பந்தம் எழுதப் புகுவோர் தொகையையும் தேதியையும் எழுதுவதோடு அமையாது, எது முன், எது பின், எது ஒருங்கே என்பதையும் ஐயமற எழுதுவாராக. பிறர் எழுதியதைப் படித்து முடிவு கூறப் புகுவோர், வரிகளின் முறையோடு நில்லாது, அவ்விருவர் உள்ளத்தில் நின்ற முறையையும் தேடுவாராக. கூலி கொடுக்கும் நிலையில் உள்ளோர், தமக்கு எதிரே நிற்பவன் தன் பங்கை ஏற்கெனவே செய்து முடித்தவன் என்பதையும், பின்னர்ச் செய்யும் உரிமை பெற்ற தாம் அவன் நம்பிக்கைக்குக் கடன்பட்டவர் என்பதையும் மறவாதிருப்பாராக.